இறகு காட்டும் நிலம்

1. முன்னுரை

பறவைகள் பருவந்தோறும் ஒரு நிலம் விட்டு மற்றொரு நிலம் சேர்வதை 'வலசை போதல்' என்னும் தொடரால் தமிழர் வழங்குவர். புறநானூற்றின் 67ஆம் பாட்டில், பிசிராந்தையார் குமரித் துறையில் இரை உண்டு வடமலை நோக்கிப் பறக்கும் அன்னச் சேவல் ஒன்றை அழைத்து, இடையே உறையூரில் தங்கிக் கோப்பெருஞ்சோழனைக் காணுமாறு வேண்டுகின்றார். உண்ட இடம் தெற்கே. சென்று சேரும் இடம் வடக்கே. இரண்டையும் புலவர் அறிந்திருந்தார் ஆதலின் பாட்டு எழுந்தது. ஆயின், வடமலையில் அவ்வன்னத்தைக் காணும் ஒருவன், அஃது எத்துறையில் இரை உண்டு வந்தது என்பதை எங்ஙனம் அறிவான்? பறவை வாய் திறந்து சொல்லாது. அதன் மேனியில் ஊர்ப்பெயர் பொறிக்கப்படவும் இல்லை.

பொறிக்கப்பட்டுள்ளது என்பதே இன்றைய அறிவியல் கண்ட உண்மை. அப்பொறிப்பு எழுத்தால் அமைந்ததன்று. அணுக்களின் எண்ணிக்கையால் அமைந்தது. பறவையின் இறகில் உள்ள ஹைட்ரஜன், கார்பன், நைட்ரஜன் முதலிய தனிமங்களின் வகைகளை எண்ணி, அவ்விறகு எந்நிலத்தில் முளைத்தது என்று உய்த்துணரும் முறை 1997ஆம் ஆண்டு முதலாகப் பெரிதும் வளர்ந்து வந்துள்ளது. அம்முறையின் அடிப்படையையும், பயனையும், எல்லையையும் இக்கட்டுரையில் விளக்க முற்படுகின்றோம்.

2. இவ்வறிவு எற்றுக்கு?

ஒரு பறவை எங்கிருந்து வந்தது என்னும் வினா வெறும் ஆவலால் எழுவது அன்று. வலசைப் பறவைக்கு வீடுகள் இரண்டு: கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் நிலம் ஒன்று, குளிர்காலத்தைக் கழிக்கும் நிலம் மற்றொன்று. ஒன்றை எத்துணைக் கண்ணுங்கருத்துமாகக் காப்பினும், மற்றொன்று அழியுமாயின் பறவையும் அழியும். ஆதலின் எவ்விடத்துப் பறவை எவ்விடத்தில் குளிர்காலம் போக்குகின்றது என்னும் இணைப்பு தெரிந்தாலன்றிக் காப்பு முயற்சி முழுமை பெறாது.

இவ்விணைப்பை அறியப் பழைய முறை ஒன்று உண்டு. டென்மார்க்கு நாட்டு ஆசிரியர் ஆன்சு கிறித்தியன் மார்ட்டென்சன் 1899ஆம் ஆண்டில் மைனா இனத்தைச் சேர்ந்த பறவைகளின் கால்களில் எண்ணும் முகவரியும் பொறித்த உலோக வளையங்களை மாட்டிப் பறக்கவிட்டார். அன்று தொடங்கிய வளையமிடும் முறை இன்றும் உலகெங்கும் நடைபெறுகின்றது. நம் நாட்டில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் கோடியக்கரை முதலிய இடங்களில் இப்பணியைச் செய்து வந்துள்ளனர்.

வளையமுறை ஐயத்திற்கு இடமின்றி ஊரைக் காட்டும். அஃது அதன் பெருமை. ஆயின், ஒரு முறை பிடித்து வளையமிட்ட அதே பறவையை மறுமுறையும் எவரேனும் பிடித்தல் வேண்டும். அஃது அதன் குறை. வாத்து போன்ற வேட்டைப் பறவைகளில் வளையங்கள் ஓரளவு திரும்பி வருகின்றன. பத்துப் பன்னிரண்டு கிராம் எடையே உள்ள சிறு குருவிகளிலோ, நூற்றில் ஒன்றுகூட வேற்று நாட்டில் மீண்டும் கிட்டுவது அரிது. மேலும், ஆப்பிரிக்காவின் உட்பகுதிகளிலும் சைபீரியப் பனிவெளிகளிலும் வளையம் பார்ப்போர் மிகச் சிலரே. அவர் இல்லாத இடத்தில் பறவை இருப்பினும் வளையமுறைக்கு அஃது இல்லாததே ஆகும்.

செயற்கைக்கோள் வழிச் செய்தி அனுப்பும் கருவிகள் பெரும் பறவைகளுக்குப் பயன்படுகின்றன. மிகச் சிறு பறவைக்கு அவற்றின் சுமை ஒவ்வாது. பகலொளியின் அளவைப் பதிந்து வைக்கும் சிறு கருவிகள் உளவெனினும், பதிவைப் படிக்க அதே பறவையை மீண்டும் பிடித்தல் வேண்டும். இறகு முறைக்கு இந்த இரண்டாம் பிடிப்பு வேண்டுவதில்லை. பறவை ஒரு முறை கைக்கு வரினும் போதும். ஒரே ஓர் இறகு போதும்.

3. ஓரிடத்தான்கள்

ஒரே தனிமத்தின் அணுக்கள் யாவும் எடையால் ஒத்தவை அல்ல. அணுவின் கருவில் உள்ள நேர்மின்னிகளின் எண்ணிக்கை ஒன்றேயாயினும், மின்னூட்டமற்ற துகள்களாகிய நியூட்ரான்களின் எண்ணிக்கை வேறுபடலாம். இங்ஙனம் எடையால் வேறுபட்டும், தனிம வரிசையில் ஒரே இடத்தைப் பெற்றும் நிற்பனவற்றை 1913ஆம் ஆண்டில் பிரெடெரிக் சாடி 'ஐசோடோப்பு' என்று பெயரிட்டு அழைத்தார். 'ஒரே இடம்' என்னும் பொருள் தரும் கிரேக்கச் சொற்களால் ஆகியது அப்பெயர். அதற்கு நேராகத் தமிழில் வழங்கும் 'ஓரிடத்தான்' என்னும் சொல்லையே இனி மேற்கொள்வோம்.

ஓரிடத்தான்கள் இருவகைப்படும். கதிர் வீசிச் சிதைவன ஒருவகை. என்றும் சிதையாது நிற்பன மற்றொரு வகை. தொல்பொருளின் காலத்தைக் கணிக்கப் பயன்படும் கார்பன் 14 முதல்வகையைச் சார்ந்தது. இறகாராய்ச்சிக்குப் பயன்படுவன சிதையாத இரண்டாம் வகையினவே. அவை காலத்தைக் காட்டுவன அல்ல. இடத்தையும் உணவையும் காட்டுவன. இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ளல் வேண்டும்.

ஹைட்ரஜனுக்குச் சிதையாத ஓரிடத்தான்கள் இரண்டு. மிகுதியாகக் காணப்படும் இலகுவகையின் கருவில் நேர்மின்னி ஒன்று மட்டுமே உண்டு. நியூட்ரான் ஒன்றும் சேர்ந்து நிற்கும் கனவகை டியூட்டீரியம் எனப்படும். இதனை 1931ஆம் ஆண்டில் கண்டறிந்த ஹெரால்டு யூரே அதன் பொருட்டு 1934ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றார். கடல்நீரில் பத்து இலட்சம் ஹைட்ரஜன் அணுக்களை எடுத்து எண்ணினால், அவற்றுள் டியூட்டீரியம் ஏறத்தாழ 156 இருக்கும். எண்ணிக்கையாற் சிறிதெனினும் எடையால் அஃது இலகுவகையினும் இருமடங்கு. மற்றத் தனிமங்களில் கனவகைக்கும் இலகுவகைக்கும் இடையே இத்துணை வேறுபாடு இல்லை. எடுத்துக்காட்டாக, கார்பனில் 12க்கு 13; நைட்ரஜனில் 14க்கு 15. இவ்விருமடங்கு எடையே ஹைட்ரஜனை இடங்காட்டும் தனிமமாக ஆக்கிற்று என்னலாம்.

4. மழை வரைந்த படம்

களத்தில் நெல் தூற்றுவதை நினைவு கொள்வோம். காற்றில் விடும்பொழுது கனத்த மணி அருகில் விழுகின்றது; இலகுவான பதர் தொலைவு சென்று விழுகின்றது. வானமும் ஒருவகையில் இவ்வாறே நீரைத் தூற்றுகின்றது.

கடலினின்று நீர் ஆவியாகுங்கால், டியூட்டீரியம் கலந்த கனத்த நீர் மூலக்கூறுகள் எளிதில் எழுவதில்லை. ஆதலின் முகிலில் உள்ள நீர், கடல்நீரினும் டியூட்டீரியம் குறைந்ததாகவே தோன்றுகின்றது. அம்முகில் குளிர்ந்து மழையாகுங்கால் கனத்த மூலக்கூறுகள் முந்தித் துளியாகின்றன. எனவே கடற்கரையில் பெய்யும் முதல் மழையில் டியூட்டீரியம் மிகுதி. எஞ்சிய முகில் உள்நாடு நோக்கிச் செல்லச் செல்ல, அதிற் கனவகை குறைந்துகொண்டே வரும். மலைமேல் ஏறினும், துருவம் நோக்கிக் குளிர்நிலம் புகினும் இக்குறைவு மிகும். வெப்பமண்டலத்திலோ மழையின் அளவு மிகுந்த மாதங்களில் டியூட்டீரியம் குறைந்து காணப்படும்.

இவ்வுண்மைகள் ஒருவரால் ஒருநாளிற் கண்டவை அல்ல. பன்னாட்டு அணு ஆற்றல் முகமையும் உலக வானிலை நிறுவனமும் கூடி, 1960களின் தொடக்கம் முதல் உலகின் பல பகுதிகளில் மழைநீரைச் சேர்த்து அளந்து வருகின்றன. ஹார்மன் கிரெய்க் 1961ஆம் ஆண்டில், மழைநீரின் டியூட்டீரியமும் ஆக்சிஜன் 18உம் ஒன்றையொன்று ஒழுங்காகத் தொடர்ந்து மாறுவதை நிறுவினார். வில்லி டேன்ஸ்கார்டு 1964ஆம் ஆண்டில், வெப்பம், உயரம், மழையளவு ஆகியவற்றிற்கும் இம்மாற்றத்திற்கும் உள்ள தொடர்பை விரிவாக ஆராய்ந்து வெளியிட்டார். இவர்கள் நாடியது நீரின் வரலாறு. பறவையை அவர்கள் நினைத்தாரல்லர். எனினும் அவர்கள் தொகுத்த அளவுகளே பிற்காலத்துப் பறவையியலார்க்கு நிலப்படமாக அமைந்தன.

அளவைக் குறிக்கும் முறையையும் ஈண்டு கூறுதல் வேண்டும். கடல்நீரின் விகிதத்தைச் சுழி எனக் கொண்டு, அதனினும் ஆயிரத்திற்கு எத்துணைக் கூறு குறைந்துள்ளது அல்லது மிகுந்துள்ளது என்று கணக்கிடுவர். ஒரு நீரின் மதிப்பு −100 எனின், கடல்நீரில் இருப்பதினும் பத்தில் ஒரு பங்கு டியூட்டீரியம் அதிற் குறைவு என்பது பொருள். அஃதாவது, பத்து இலட்சத்தில் 156க்கு மாறாக ஏறத்தாழ 140. வட அமெரிக்காவில் மெக்சிகோ வளைகுடாவை அடுத்த பகுதிகளில் மழைநீரின் மதிப்பு −20, −30 என்னும் அளவில் நிற்க, கனடாவின் வடமேற்கில் அது −150க்கும் கீழே செல்கின்றது. அக்கண்டத்தின் படத்தில் ஒத்த மதிப்புடைய இடங்களைக் கோட்டால் இணைப்பின், தென்கிழக்கிலிருந்து வடமேற்கு நோக்கிப் படிப்படியாக இறங்கும் பட்டைகள் தோன்றும்.

5. இறகின் தன்மை

மழை மண்ணிற் புகுந்து செடியில் ஏறுகின்றது. செடியைப் புழு தின்கின்றது. புழுவைக் குருவி தின்கின்றது. மழையின் டியூட்டீரிய விகிதம் ஒவ்வொரு படியிலும் ஓரளவு மாறினும், அம்மாற்றம் பெரும்பாலும் ஒரு முறைக்கு உட்பட்டே நிகழ்வதால், அடிப்படை வேறுபாடு அழிவதில்லை. −150 மழை பெய்யும் நிலத்துக் குருவியும், −30 மழை பெய்யும் நிலத்துக் குருவியும் இறகில் வேறுபட்டே நிற்கும்.

உடலின் பிற பகுதிகளை விடுத்து இறகைத் தேர்ந்தது ஏன் எனின், கூறுதும். குருதியும் தசையும் நாள்தோறும் புதுப்பிக்கப்படுவன. பறவை புதிய நிலத்தில் புதிய உணவை உண்ணத் தொடங்கியபின், சில நாளிலோ சில வாரத்திலோ பழைய நிலத்தின் குறி அவற்றினின்று மறையும். இறகோ கெரட்டின் என்னும் புரதத்தால் ஆகியது. நம் நகமும் மயிரும் அவ்வினத்தனவே. முளைக்கும்பொழுது மட்டும் அதற்குக் குருதி ஓட்டம் உண்டு. முழுதும் வளர்ந்தபின் அவ்வோட்டம் நின்றுவிடும். அதன்பின் உடலினின்று எப்பொருளும் இறகிற் சேர்வதில்லை. ஆதலின், முளைத்த காலத்து உணவும் நீரும் இட்ட குறி, இறகு உதிரும் வரை அழியாது நிற்கும். பல ஆண்டுகட்கு முன் அருங்காட்சியகத்திற் பாடஞ்செய்து வைத்த பறவையின் இறகையும் இக்காரணத்தால் ஆராயலாம்.

எனவே ஒருவன் இறகை ஆராயுமுன் தெளிய வேண்டிய வினா, 'இப்பறவை எங்கே இறகு மாற்றுகின்றது?' என்பதாகும். வட அமெரிக்கச் சிறு குருவிகள் பல, குஞ்சு பொரித்த நிலத்திலேயே, தெற்கு நோக்கிப் புறப்படுமுன், இறகு மாற்றுகின்றன. குளிர்கால நிலத்தில் அவற்றைப் பிடித்தால் இறகு வடநிலத்தைக் காட்டும். வேறு சில பறவைகள் குளிர்கால நிலத்தில் மாற்றுகின்றன. அவற்றை வேனிலில் வடக்கே பிடித்தால் இறகு தென்னிலத்தைக் காட்டும். இறகு மாற்றும் முறையை அறியாது மதிப்பை மட்டும் படிப்பவன், விலாசத்தைத் தலைகீழாகப் படித்தவன் ஆவான்.

நம் கோடியக்கரைக்கு வரும் கொசு உள்ளானை எடுத்துக்கொள்வோம். அது வடதுருவத்தை ஒட்டிய தாழ்நிலங்களிற் பிறப்பது. அவ்வாண்டிற் பிறந்த இளம்பறவை வந்திறங்கும்பொழுது தன் பிறப்பிடத்து இறகையே தாங்கி வரும். முதிர்ந்த பறவையோ, குளிர்கால நிலம் சேர்ந்தபின்னரே பறப்பிறகுகளைப் புதுப்பிக்கும். ஒரே வலையில் ஒரே நாளில் வீழ்ந்த இரண்டின் இறகுகளும் ஒரே நிலத்தைக் கூறும் என எதிர்பார்த்தல் பொருந்தாது.

6. அளக்கும் முறை

பறவையிடமிருந்து ஒரு சிறு இறகையோ, பெரிய இறகின் நுனியையோ எடுப்பர். குளோரோபாரமும் மெத்தனாலும் கலந்த நீர்மத்தில் அதனைக் கழுவி எண்ணெய்ப் பசையும் அழுக்கும் போக்குவர். ஒரு மில்லிகிராமிலும் குறைந்த துணுக்கை நறுக்கி, வெள்ளித் தகட்டால் ஆகிய மிகச் சிறு சிமிழில் இட்டு மூடுவர். 1,300 செல்சியசு பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில், காற்றின்றி அதனைச் சிதைக்க ஹைட்ரஜன் வளி வெளிப்படும். அவ்வளியின் மூலக்கூறுகளுக்கு மின்னூட்டம் ஏற்றிக் காந்தப் புலத்தின் ஊடே செலுத்துவர். இலகுவானவை மிகுதியாக வளையும். கனத்தவை குறைவாக வளையும். இரண்டும் வேறுவேறு இடத்திற் சென்று விழ, அவற்றின் விகிதம் அளக்கப்படும். இக்கருவி நிறைமாலைமானி எனப்படும்.

இம்முறையில் ஓர் இடர் உண்டு. கெரட்டினில் உள்ள ஹைட்ரஜன் முழுவதும் இறுகப் பிணைந்ததன்று. அதில் ஒரு பகுதி, ஆய்வகத்துக் காற்றின் ஈரத்தோடு இடம் மாற்றிக்கொள்ளும் இயல்புடையது. எனவே ஒரே இறகு, ஈரம் மிக்க ஊரில் ஒரு மதிப்பும் வறண்ட ஊரில் மற்றொரு மதிப்பும் தரக்கூடும். இவ்விடரை நீக்க, கனடா நாட்டு அறிஞர் லியோனார்டு வாசெனாரும் கீத் ஹாப்சனும் 2003ஆம் ஆண்டில் ஒரு வழி வகுத்து வெளியிட்டனர். மதிப்பு முன்னரே தெரிந்த கெரட்டின் பொருள்களை இறகோடு ஒரே அறையில் ஒரே காற்றில் வைத்து, ஒன்றாக அளந்து, ஒப்பிட்டுத் திருத்துதலே அவ்வழி. காரிபு மானின் குளம்பும் குடு மானின் கொம்பும் இங்ஙனம் ஒப்புப் பொருள்களாகப் பயன்படுகின்றன. தராசின் நேர்மையைத் தெரிந்த படிக்கல்லால் சோதித்துக்கொள்ளுதல் போல்வது இது.

7. 1997ஆம் ஆண்டின் ஆராய்ச்சிகள்

இம்முறைக்குத் தெளிவான அடிப்படை இட்டவை 1997ஆம் ஆண்டில் வெளிவந்த இரண்டு கட்டுரைகள். ஒன்று, பேஜ் சேம்பர்லேனும் அவர்தம் குழுவினரும் கருங்கழுத்து நீலக் கதிர்க்குருவியை ஆராய்ந்து எழுதியது. மற்றொன்று ஹாப்சனும் வாசெனாரும் எழுதியது. பின்னவர் இருவரும் வட அமெரிக்கக் காடுகளில் கூடு கட்டும் ஆறு வகைக் குருவிகளின் இறகுகளைப் பல இடங்களிலிருந்து திரட்டினர். இறகின் டியூட்டீரிய மதிப்பையும் அவ்வவ்விடத்து வளர்பருவ மழையின் மதிப்பையும் ஒப்பிட்டனர். இரண்டும் நெருங்கிய ஒழுங்குடன் இணைந்து செல்லக் கண்டனர். பின்னர்க் குவாட்டிமாலாவில் குளிர்காலம் கழிக்கும் குருவிகளின் இறகை அளந்து, அவை எப்பகுதிகளிலிருந்து வந்திருத்தல் கூடும் என்று வரையறுத்தனர். கூடு கட்டும் நிலத்தில் ஒப்பிட்டு நிறுவிய விதியை, குளிர்கால நிலத்தில் பயன்படுத்திக் காட்டியமையே இவ்வாராய்ச்சியின் சிறப்பு.

அடுத்த ஆண்டிலேயே இம்முறை பறவையைக் கடந்து வண்ணத்துப்பூச்சிக்கும் சென்றது. மெக்சிகோ நாட்டு மலைக்காடுகளில் கோடிக்கணக்கிற் கூடும் மன்னர் வண்ணத்துப்பூச்சிகளின் சிறகை ஆராய்ந்த அவ்விருவரும், அவற்றுள் ஏறத்தாழப் பாதி, ஐக்கிய அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியிற் பிறந்தவை என்று 1998ஆம் ஆண்டில் அறிவித்தனர்.

8. கார்பனும் நைட்ரஜனும்

ஹைட்ரஜன் நிலத்தைக் காட்டும் எனின், கார்பனும் நைட்ரஜனும் அந்நிலத்தில் பறவை வாழ்ந்த வாழ்வைக் காட்டும். செடிகள் காற்றிலுள்ள கார்பனை ஏற்கும் வழி யாவற்றிற்கும் ஒன்றன்று. நெல், கோதுமை, பெரும்பாலான மரங்கள் ஆகியவை ஒரு வழியையும், கரும்பு, சோளம், மக்காச்சோளம், வெப்பநாட்டுப் புல்வகை பல ஆகியவை மற்றொரு வழியையும் பின்பற்றுகின்றன. கார்பன் 13இன் மதிப்பு முன்னவற்றில் −27ஐ ஒட்டியும் பின்னவற்றில் −13ஐ ஒட்டியும் நிற்கும். எனவே ஒரு பறவை காட்டில் உண்டதா, புல்வெளியில் உண்டதா என்பதை இறகே கூறும். நைட்ரஜன் 15இன் மதிப்பு, உண்ணும் உயிரினும் உண்ணப்படும் உயிரில் 3 முதல் 4 வரை குறைந்திருக்கும். ஆதலின் உணவு வரிசையில் பறவை எப்படியில் நிற்கின்றது என்பது இதனால் விளங்கும்.

ஒரே வகைச் செடிகளுள்ளும் நீர் கிடைக்கும் அளவு கார்பனின் மதிப்பை மாற்றும். வறட்சியில் இலைத்துளைகளை மூடிக்கொள்ளும் செடி, கார்பன் 13ஐ மிகுதியாக ஏற்கும். இவ்வியல்பைக்கொண்டு பீட்டர் மாரா, ஹாப்சன், ரிச்சர்டு ஓம்சு ஆகியோர் 1998ஆம் ஆண்டில் அரியதோர் உண்மையை வெளிப்படுத்தினர். அமெரிக்கச் செவ்வாலி எனத்தகும் குருவிகளுள் சில, குளிர்காலத்தை ஈரமிக்க காடுகளிலும், சில வறண்ட புதர்க்காடுகளிலும் கழிக்கின்றன. வேனிலில் வடக்கே வந்திறங்கும் குருவிகளின் திசுக்களை ஆராய்ந்தபொழுது, முந்தி வந்தவை ஈரக்காட்டின் குறியையும் பிந்தி வந்தவை வறள்காட்டின் குறியையும் தாங்கியிருந்தன. முந்தி வந்தவையே நல்லிடத்தைக் கைப்பற்றும். ஆதலின் தெற்கே ஒரு காடு அழிவது, வடக்கே கூடு கட்டும் காலத்தையும் பாதிக்கும் என்பது பெறப்பட்டது.

9. ஆற்றில் இறங்கிய வானூர்தி

இம்முறை மக்கள் உயிரோடு தொடர்புற்ற நிகழ்ச்சி ஒன்றையும் காண்போம். 2009ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 15ஆம் நாள், நியூயார்க்கு நகரின் லாகார்டியா நிலையத்தினின்று எழுந்த வானூர்தி ஒன்று பறவைக் கூட்டத்தில் மோதியது. இரண்டு எந்திரங்களும் ஆற்றல் இழந்தன. வானோடி அதனை அட்சன் ஆற்றின்மேல் இறக்கினார். ஊர்தியில் இருந்த 155 பேரும் உயிர் பிழைத்தனர்.

எந்திரங்களிற் சிக்கிய எச்சங்களை சுமித்சோனியன் நிறுவனத்தின் இறகாய்வகத்தார் ஆராய்ந்து, மோதியவை கனடாப் பெருவாத்துகள் என்று கண்டனர். வினா அத்துடன் முடியவில்லை. நியூயார்க்கில் கனடாப் பெருவாத்துகள் இருவகையாக வாழ்கின்றன. ஆண்டு முழுவதும் நகரத்துப் பூங்காக்களிலேயே உறைவன ஒருசாரன. கனடாவின் லாப்ரடார் முதலிய வடபகுதிகளில் குஞ்சு பொரித்துக் குளிருக்கு அஞ்சித் தெற்கே வருவன மற்றொரு சாரன. உருவால் இவற்றைப் பிரித்தறிதல் அரிது. ஆயின் செய்ய வேண்டிய காப்போ வேறுவேறு. உறைவனவாயின் நிலையத்தைச் சூழ்ந்த இடங்களில் அவற்றைக் குறைத்தல் பயன் தரும். வருவனவாயின் அம்முயற்சி எத்துணைப் பெரிதாயினும் பயன் சிறிதே. அவை வரும் காலத்தையும் வழியையும் கண்காணித்து ஊர்திகளைக் காப்பதே வேண்டற்பாலது.

பீட்டர் மாராவும் உடன் ஆய்ந்தோரும் எந்திரத்திற் கிடைத்த இறகின் டியூட்டீரியத்தை அளந்து, நகரத்து வாத்துகளின் இறகோடும் வடநிலத்து வாத்துகளின் இறகோடும் ஒப்பிட்டனர். பெருவாத்து வேனிலில் பறப்பிறகுகளை ஒருங்கே உதிர்த்துச் சில வாரம் பறக்கவியலாது ஓரிடத்தே தங்குவது. ஆதலின் அதன் இறகு ஓரிடத்தின் குறியையே தூய்மையாகத் தாங்கும். விபத்து இறகுகள் நகரத்து வாத்துகளினின்று தெளிவாக வேறுபட்டு, லாப்ரடார் வாத்துகளோடு ஒத்து நின்றன. மோதியவை வலசை வந்தவையே என்று அவர்கள் அவ்வாண்டிலேயே அறிவித்தனர். அதே ஆண்டு வேனிலில் நியூயார்க்கு நகரில் உறைந்த பெருவாத்துகள் ஆயிரத்திற்கு மேற்பட்டவை பிடித்துக் கொல்லப்பட்டன. நகரத்து வாத்துகளும் ஊர்திக்கு ஊறு செய்யக்கூடியவையே எனினும், அந்நாளின் மோதலுக்கு அவை காரணமல்ல என்பதற்கு அவ்விறகே சான்றாக நிற்கின்றது.

10. சகாராவின் தென்விளிம்பு

அழியும் நிலையிலுள்ள ஒரு பறவையின் வரலாறு இனி வருவது. ஆங்கிலத்தில் அக்குவாட்டிக் வார்ப்ளர் எனப்படும் குருவியை நீர்நிலக் கதிர்க்குருவி எனக் குறிப்போம். பன்னிரண்டு கிராம் அளவே எடையுள்ள இஃது, பெலாரசு, உக்ரைன், போலந்து ஆகிய நாடுகளின் கோரைச் சதுப்புகளிற் கூடு கட்டுகின்றது. சதுப்புகள் வடிக்கப்பட்டு வயல்களானமையால் இதன் தொகை பெரிதும் குறைந்தது. எஞ்சியவற்றைக் காக்க முற்பட்டோர்க்குக் குளிர்காலத்தில் இஃது ஆப்பிரிக்காவிற்குச் செல்வது தெரியும். ஆப்பிரிக்காவில் எவ்விடம் என்பது தெரியாதிருந்தது.

நல்வாய்ப்பாக, இக்குருவி குளிர்கால நிலத்திலேயே இறகு மாற்றுவது. எனவே ஐரோப்பாவிற் கூடு கட்டும் இடத்தில் பிடித்த குருவியே ஆப்பிரிக்காவின் குறியைத் தாங்கி நின்றது. அவ்விறகுகளை ஆராய்ந்த குழுவினர் 2004ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். சகாராப் பாலைக்குத் தெற்கே அதனை ஒட்டிச் செல்லும் நிலப்பட்டையே தேடற்குரியது என்னும் கருத்து இறகாய்வால் வலுப்பெற்றது. 2007ஆம் ஆண்டு சனவரியில் செனகல் நாட்டின் வடமேற்கில் உள்ள சூச்சு தேசியப் பூங்காவின் சதுப்புகளில், தேடிச் சென்ற குழுவினர் நீர்நிலக் கதிர்க்குருவிகளைக் கண்டனர். வளையமிட்டுக் காத்திருப்பதால் மட்டும் கிட்டாத செய்தி, இறகைப் படித்ததால் தேடும் எல்லை குறுகிக் கிட்டியது.

11. முறையின் எல்லை

இத்துணைச் சிறப்புடைய முறைக்கும் எல்லை உண்டு. முதலாவது, இறகு ஊரைக் காட்டுவதில்லை; பட்டையைக் காட்டுகின்றது. ஒரே மதிப்புடைய மழை பெய்யும் நிலம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீண்டு கிடத்தல் கூடும். −100 என்னும் மதிப்பு கண்டத்தின் கிழக்கிலும் மேற்கிலும் ஒருங்கே பொருந்தலாம். இதனை நீக்கவே கார்பன், நைட்ரஜன், கந்தகம் ஆகியவற்றையும் உடன் அளக்கின்றனர். பறவை வாழும் எல்லையையும், வளையமிட்டுப் பெற்ற செய்திகளையும் சேர்த்து, ஒவ்வோரிடத்திற்கும் எத்துணை வாய்ப்பு உண்டு என்று கணக்கிட்டுப் படம் வரைகின்றனர். 'இவ்விடத்தினின்று வந்தது' என்பதினும், 'இவ்விடத்தினின்று வந்திருத்தற்கு வாய்ப்பு மிகுதி' என்பதே இம்முறையின் நேரிய கூற்று.

இரண்டாவது, மழை ஆண்டுதோறும் ஒன்றுபோற் பெய்வதில்லை. பல்லாண்டுச் சராசரியைக்கொண்டு வரைந்த படம், ஒரு குறிப்பிட்ட ஆண்டின் வறட்சிக்கோ பெருமழைக்கோ பொருந்தாமற் போகலாம். மூன்றாவது, கடல் உணவு உண்ணும் பறவைக்கு இது நேராகப் பயன்படாது. கடல்நீர் எங்கும் பெரும்பாலும் ஒரே மதிப்பினது ஆதலின். ஆழ்கிணற்று நீர் பாயும் வயலில் வாழும் பறவைக்கும் மழைப்படம் முழுதும் பொருந்தாது. நான்காவது, பருவமழை நாடுகளில் பட்டைகள் வட அமெரிக்காவிற் போல ஒரே திசையில் ஒழுங்காக இறங்குவதில்லை. அந்நாடுகட்கு வேண்டுவது, அவ்வந்நிலத்தில் நிலையாக உறையும் பறவைகளின் இறகை முதற்கண் அளந்து வரையும் தனிப்படம்.

12. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், கடலினின்று எழுந்த ஆவி மழையாகி, செடியாகி, புழுவாகி, இறகாகி நிற்பதும், அவ்விறகின் அணுக்களை எண்ணுவோர் மழை பெய்த நிலத்தை உய்த்துணர்தலும் விளங்கும். நீரியலார் தமக்கெனத் தொகுத்த அளவுகள், வேதியியலார் தமக்கெனச் செய்த கருவி, பறவையியலார் நெடுநாள் பொறுமையோடு குறித்து வைத்த இறகு மாற்றும் காலம் ஆகிய மூன்றும் கூடியே இம்முறை பிறந்தது. அவற்றுள் எவ்வொன்று இல்லையாயினும் எஞ்சிய இரண்டும் வாய் பேசா.

தமிழகக் கரைகட்குக் குளிர்காலந்தோறும் வடநாட்டுப் பறவைகள் வருகின்றன. கோடியக்கரையிலும் பிற நீர்நிலைகளிலும் வளையமிடுவோர் கையில் அவை ஒருகணம் தங்கிச் செல்கின்றன. அக்கணத்தில் எடுக்கும் ஓர் இறகு, எந்நாளில் எவ்வகைப் பறவையின் எச்சிறகினின்று எடுக்கப்பட்டது என்னும் குறிப்போடு உறையிலிட்டு வைக்கப்படுமாயின், அது பல்லாண்டு கெடாது நிற்கும். இன்று அளக்க வசதியில்லையெனினும் நாளை அளக்கலாம். குறிப்பின்றி வைத்த இறகோ வெறும் இறகே. ஆதலின் இறகைப் போற்றுவதினும் அதனுடன் எழுதும் குறிப்பைப் போற்றுதல் வேண்டும் என்பது இம்முறை நமக்கு உணர்த்தும் முதற்பாடமாகும்.